அந்தக் குடம் எங்கள் வீட்டுக் குடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாசகர் கடிதம் எப்படித் தொடங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. 'தங்கள் நாளிதழை நெடுநாளாக விரும்பிப் படித்து வருகிறேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டு விஷயத்துக்கு வருவதுதான் வழக்கம். அந்த வரியை இந்தக் கடிதத்தில் நான் எழுதப் போவதில்லை. அதனால் எனக்கு ஒரு முறை சூடு பட்டிருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பில், வார இதழ்கள் ஏன் விற்பதில்லை என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. செல்போன், தொலைக்காட்சித் தொடர், காகித விலை, இளைஞர்களின் அவசரம் என்று கட்டுரையாளர் காரணங்களை அடுக்கியிருந்தார். இருக்கலாம். கல்கி 2020இல் அச்சை நிறுத்தியபோது நானும் திண்ணையில் உட்கார்ந்து அப்படித்தான் பேசினேன். ஆனால் எங்கள் வீட்டுக்கு 48 ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த ஒரு வார இதழைப் போன ஐப்பசியில் நானே நிறுத்தினேன். அதில் செல்போனுக்குப் பங்கு இல்லை. என்னிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய போன். அதில் படிப்பதற்கு மணியைத் தவிர வேறொன்றும் கிடையாது.

இதழின் பெயரை எழுதவில்லை. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஆனால் எங்கள் ஊர் ஏஜென்ட் அதையும் விற்றுத்தான் பிழைக்கிறார். அவர் பிழைப்பில் மண் போட்ட பாவம் எனக்கு வேண்டாம். அதோடு இந்த நோய் ஒரே ஓர் இதழுக்கு மட்டும் வந்ததும் இல்லை.

நான் ரயில்வே மெயில் சர்வீஸில் தபால் பிரித்தவன். ஆர்.எம்.எஸ். என்றால் இன்றைய பிள்ளைகள் ஏதோ மருந்தின் பெயர் என்று நினைக்கிறார்கள். அன்றைக்கு ஓடும் ரயிலில் ஒரு பெட்டி எங்களுடையதாக இருந்தது. அதற்குள் நின்றபடியே இரவு முழுவதும் கடிதங்களை ஊர் வாரியாகப் பலகைக் குழிகளில் போட்டு, கட்டி, பையில் இட்டு, அரக்கு முத்திரை வைத்து, அந்தந்த ஊர் வரும்போது இறக்கிவிட வேண்டியிருந்தது. 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தம் முடிந்து வண்டிகள் மறுபடி ஓடத் தொடங்கிய சமயத்தில் வேலையில் சேர்ந்தேன். திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட டி டிவிஷன். 2012இல் ஓய்வு பெறும்வரை என் கை வழியே போன பத்திரிகைகளுக்குக் கணக்கே இல்லை.

பதிவு பெற்ற பத்திரிகைகளுக்குத் தபால் கட்டணம் தனி. ஒரு சாதாரணக் கடிதத்துக்கு ஐந்து ரூபாய் வில்லை ஒட்ட வேண்டி வந்த காலத்திலும் ஐம்பது கிராம் வரை எடையுள்ள பத்திரிகை 25 காசில் வீடு தேடிப் போனது. பை தூக்கும் கூலிக்குக்கூட அது காணாது. சேர்ந்த புதிதில் ஒரு மூத்த ஊழியரிடம், அரசாங்கம் ஏன் இதை நட்டத்தில் சுமக்கிறது என்று கேட்டேன். "நாட்டில் நடப்பது பட்டிக்காட்டுக்கும் தெரிய வேண்டாமா?" என்றார். அவர் பெரிய அறிவாளி ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. முரசொலி ஒரு கட்டு, விடுதலை ஒரு கட்டு, தீக்கதிர் ஒரு கட்டு, துக்ளக் ஒரு கட்டு என்று எல்லாம் ஒரே பைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக்கொண்டு வரும். அரக்கு வைத்து மூடிய பிறகு உள்ளே அடிதடி நடந்ததாக எனக்கு நினைவில்லை.

நான் சொல்லும் வார இதழை முதன்முதலில் படித்தது காசு கொடுத்து அல்ல. முகவரித் துண்டு கிழிந்து அநாதையாக வந்த ஒரு பிரதியை, விருத்தாசலத்தில் வண்டி நின்ற நேரத்தில் பெட்டி விளக்கின் அடியில் நின்று படித்தேன். துறை விதிப்படி குற்றம். இத்தனை ஆண்டு கழித்து ஓய்வூதியத்தில் பிடிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். 1976ஆம் ஆண்டு. நெருக்கடி நிலைக் காலம். ஜனவரி 31ஆம் தேதி தமிழகத்தில் ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு தணிக்கையின் பிடி இங்கேயும் இறுகியது. எந்தப் பத்திரிகையைப் பிரித்தாலும் ஒரே சேதி, ஒரே குரல். அந்த இதழிலோ அரசியல் கட்டுரை வர வேண்டிய பக்கத்தில் வெண்பூசணி மோர்க்குழம்பு வைப்பது எப்படி என்று போட்டிருந்தது. பக்கத்தின் தலைப்பு அரசியல். கீழே அரைத்து விட வேண்டிய தேங்காயும் சீரகமும். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் நின்று யோசித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. உண்மையை எழுத விடவில்லை, பொய்யை எழுத மனம் வரவில்லை, குழம்பு வைத்துவிட்டார்கள். அடுத்த மாதச் சம்பளத்தில் சந்தா கட்டினேன். அந்த மோர்க்குழம்புக்காகத்தான் கட்டினேன் என்று இன்றைக்கும் சொல்வேன்.

என் தாயாருக்கு எழுத்து தெரியாது. இதழ் வரும் நாளில், இரவுப் பணி முடிந்து வந்து தூங்கி எழுந்ததும் திண்ணையில் உட்கார்ந்து தொடர்கதையை நான் உரக்கப் படிக்க வேண்டும். அக்கம்பக்கத்துப் பெண்கள் முறமும் அரிசியுமாக வந்துவிடுவார்கள். 'தொடரும்' என்ற சொல் வந்ததும், கதையை நிறுத்தியதே நான்தான் என்பது போல எல்லோரும் சேர்ந்து என்னைத் திட்டுவார்கள். என் மூத்த மகளுக்கு ஒரு தொடர்கதை நாயகியின் பெயரை வைத்தோம். அந்த நாயகி கடைசி அத்தியாயத்தில் கிணற்றில் விழுவாள் என்று தெரிந்திருந்தால் வைத்திருக்க மாட்டோம். பெயர் சூட்டிய நாளில் கதை பாதிதான் வந்திருந்தது. என் மனைவி தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்துக் கொடுப்பாள். நான் கோணி ஊசியால் தைத்து, வேலைப் பழக்கத்தில் சணல் முடிச்சுப் போட்டு வைப்பேன். அப்படித் தைத்த 31 புத்தகங்கள் பரணில் இருக்கின்றன. அவற்றை யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை.

இப்போது ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த இதழ் பிற்பாடு சாய்ந்தது என் கட்சியின் பக்கம். 1977இல் போட்ட முதல் ஓட்டில் இருந்து இன்றுவரை நான் மாற்றிக் குத்தியது இரண்டே முறை. இரண்டும் வேட்பாளரின் லட்சணத்தைப் பார்த்துச் செய்தவை. ஆகவே எதிர்க்கட்சிக்காரன் ஒருவன் வயிற்றெரிச்சலில் எழுதுகிறான் என்று யாரும் எண்ண வேண்டாம். ஆரம்பத்தில் எனக்கு அது இனிக்கத்தான் செய்தது. வெல்லக்கட்டியைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு வேலை பார்ப்பது போல ஒரு சுகம். நாம் நினைப்பதையே அச்சில் பார்த்தால் யாருக்குத்தான் இனிக்காது?

முதலில் மாறியவை வினைச்சொற்கள். தமிழில் 'சொன்னார்' என்ற ஒன்றுக்கு எத்தனை சொல் இருக்கிறது என்பதை அந்த இதழைப் படித்துத்தான் நான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். எங்கள் தலைவர் பேசினால் எடுத்துரைத்தார், சுட்டிக்காட்டினார், முழங்கினார், நெகிழ்ந்தார். எதிர்த்தரப்புத் தலைவர் அதே சட்டமன்றத்தில் அதே நாளில் பேசினால் கொக்கரித்தார், புலம்பினார், உளறிக்கொட்டினார், மழுப்பினார். எங்கள் ஆட்கள் கூடினால் எழுச்சி. அவர்கள் கூடினால் கும்பல். எங்கள் கட்சியில் இருந்து ஒருவர் போனால் துரோகம். அங்கிருந்து ஒருவர் வந்தால் மனமாற்றம். சிவப்புப் பென்சிலால் இவற்றை அடிக்கோடிடத் தொடங்கினேன். பிழை பிடிக்க இல்லை. பணி ஓய்வுக்குப் பிறகு கை சும்மா இருக்க மறுத்தது. ஒரு கட்டத்தில், ஆளின் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு வினைச்சொல்லை மட்டும் பார்த்து எந்தக் கட்சி என்று சொல்லும் விளையாட்டை என் பேரனோடு ஆடினேன். பத்துக்குப் பத்து வாங்கினான். அவனுக்கு அப்போது வயது பதினொன்று.

அதன் பிறகு படங்கள். நம்மவர் கைகூப்பி நிற்பார். மற்றவர் எப்போதும் தும்மப் போகிறவர் போலவோ தூக்கத்தில் எழுப்பப்பட்டவர் போலவோ இருப்பார். இத்தனை ஆண்டில் அவர் ஒரு முறைகூடச் சரியாக முகம் காட்டியிருக்க மாட்டாரா?

ஆனால் எனக்கு உண்மையில் வலித்தது நகைச்சுவைப் பக்கம். தமிழ் வார இதழ் படித்தவர்களுக்கு 'தலைவர்' நகைச்சுவை தெரியும். தலைவர் என்றால் எந்தத் தலைவரும் இல்லை. தொப்பையும் துண்டும் மாலையுமாக, வட்டச் செயலாளர்கள் சூழ நிற்பார். எல்லாக் கட்சியும் அவர்தான். மேடை சரிந்தால் விழுவார், கட்சி நிதியை எண்ணும்போது மின்சாரம் போகும், தொண்டர் கேட்கும் கேள்வியில் மாட்டிக்கொள்வார். எந்தக் கட்சிக்காரனும் அடுத்த கட்சித் தலைவரை நினைத்துச் சிரிப்பான். கொஞ்சம் நேர்மையானவன் தன் தலைவரையும் நினைத்துச் சிரிப்பான். அந்த ஏழைத் தலைவருக்கு ஒரு நாள் மூக்குக்கண்ணாடி வந்தது. பிறகு துண்டுக்கு ஒரு குறிப்பிட்ட கரை வந்தது. பிறகு ஒரு குறிப்பிட்ட மச்சம். மூன்று மாதத்தில் அவர் யார் என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இருந்தது, அவர் எதிரிக் கட்சிக்காரர்தான். சிரிப்புத்தான் வரவில்லை. கேள்வி-பதில் பக்கத்திலும் கேள்வியே பதிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தது. கடைசிவரை நடுநிலை தவறாமல் நின்றது ராசிபலன் மட்டுமே. பன்னிரண்டு ராசிக்கும் ஏறக்குறைய அதே அளவு கெடுதலைச் சொன்னார்கள்.

சார்பு என்பதையே நான் குற்றம் என்று சொல்லவில்லை. 1942இல் தொடங்கிய முரசொலிக்கும், 1935இல் தொடங்கிய விடுதலைக்கும், 1937இல் தொடங்கிய ஜனசக்திக்கும், 1963இல் தொடங்கிய தீக்கதிருக்கும் ஆளுக்கொரு பக்கம் உண்டு. முதல் பக்கத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். படிப்பகத்தில் அவற்றைக் கையில் எடுப்பவனும் தெரிந்துதான் எடுக்கிறான். எங்கள் ஊர் சலூனில் இரண்டு கட்சிப் பத்திரிகைகளும் கிடக்கும். இரண்டையும் படித்துவிட்டு, நடுவில் எங்கேயோ உண்மை இருக்கும் என்று தாடையைத் தடவிக்கொண்டு எழுந்து வருவோம். இந்த இதழ் அப்படித் தன் கொடியைக் காட்டவில்லை. சமையல் குறிப்பு, கோலம், சிறுகதை, கோயில் தலவரலாறு, இவற்றுக்கு நடுவே கட்சியை வைத்துக் கொடுத்தது. இட்லிக்குள் மாத்திரையை வைத்துக் குழந்தைக்குக் கொடுப்பது போல. குழந்தைக்குக் கொடுக்கலாம். எனக்கு வயது எழுபது தாண்டிவிட்டது.

அதிகாரத்துக்கு எதிரில் ஒரு வார இதழ் எப்படி நிற்கும் என்பதையும் பார்த்திருக்கிறேன். 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் பற்றி ஒரு நகைச்சுவை வந்தது. ஜேப்படிக்காரரைப் போல இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரரைப் போல இருப்பவர் அமைச்சர் என்பதுதான் விஷயம். சட்டமன்றம் கொதித்தது. ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்துச் சிறைக்கு அனுப்பினார்கள். நாடெங்கும் கண்டனம் எழ, சில நாட்களில் விட்டுவிட்டார்கள். பிற்பாடு உயர் நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்த வாரம் எங்கள் பெட்டியில் அந்த ஒரு சேதியைத் தவிர வேறு பேச்சில்லை. ஆளும் கட்சி அபிமானியான எங்கள் சக ஊழியர்கூட அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, "நம்ம ஆளும் அப்படித்தான் இருக்கிறார்" என்று ஒப்புக்கொண்டார். தலைவர் நகைச்சுவைக்கு அத்தனை பலம் இருந்தது.

எங்கள் இதழ் ஏன் இப்படி ஆனது என்பதற்கு என்னால் சாட்சி சொல்ல முடியாது. ஒன்று மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. அரசு விளம்பரங்களில் குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி தவிர மற்றவர்கள் படம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2015 மே மாதம் சொன்னது. அடுத்த மார்ச்சிலேயே முதலமைச்சர்கள், அமைச்சர்கள் படங்களுக்கும் வழி விட்டது. முழுப்பக்கப் படங்கள் திரும்பி வந்தன. தபால் எடை பார்த்த கை இது; இதழைத் தூக்கிய உடனே எத்தனை கிராம் கூடியிருக்கிறது என்று தெரியும். கூடிய கனம் கதையின் கனம் இல்லை. இதற்கு மேல் சொன்னால் அது என் ஊகமாகிவிடும்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். பொறுக்க முடியாமல் போனது போன ஆண்டு சித்திரையில்.

எங்கள் ஊர் கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிறது. ஆற்று மணலில் ஆழ்குழாய் போட்டு எடுக்கும் கூட்டுக் குடிநீர்தான் எங்களுக்கு. அந்தச் சித்திரையில் பத்தொன்பது நாள் தண்ணீர் வரவில்லை. மோட்டார் எரிந்துவிட்டது என்றார்கள். அது சரியானதும் குழாய் உடைந்தது என்றார்கள். இருபதாம் நாள் காலை ஏழு மணிக்குத் தெருப் பெண்கள் குடங்களோடு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். நானும் போனேன். நான் ஓட்டுப் போட்ட கட்சியின் ஆட்சிதான். ஆனாலும் குளிக்காமல் எத்தனை நாள்தான் ஆதரிப்பது? ஒன்றரை மணி நேரம் பஸ்கள் நின்றன. தாசில்தார் வந்து பேசினார், மாலையில் லாரித் தண்ணீர் வந்தது, நான்காம் நாள் குழாயிலும் வந்தது. அதோடு முடிந்த கதை அது. எந்தக் கட்சிக்காரரும் அங்கே வரவில்லை. கொடி இல்லை. ஒருவர் வந்திருந்தாலும் பெண்கள் அவரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள், அன்றைக்கு அவர்கள் இருந்த கோபத்துக்கு.

இரண்டு வாரம் கழித்து இதழ் வந்தது. நடுப்பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் அந்த மறியலின் படம். கீழே, 'கூலிக்கு வந்த கூட்டம்! ஒரே கடைச் சரக்காக ஒரே நிறக் குடங்கள். செலவு யாருடையது?' என்று எழுதியிருந்தது. படத்தில் நிற்கும் மூன்று பெண்களில் நடுவில் இருப்பவள் என் மனைவி. இடுப்பில் ரோஸ் நிறக் குடம். வாயைத் திறந்திருக்கிறாள். பார்ப்பவர்களுக்குக் கோஷம் போடுவது போலத் தெரியும். அவள் அப்போது என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்தேனா என்று கேட்க.

குடங்கள் ஒரே நிறம்தான். அதை மறுக்கவில்லை. காரணத்தைக் கேளுங்கள். இரும்புக்கும் ஈயம் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் கொடுத்த காலம் போய், இப்போது மூன்று சக்கர வண்டியில் ஒருவர் பழைய பேப்பருக்குப் பிளாஸ்டிக் சாமான் கொடுக்கிறார். மாசி மாதம் எங்கள் தெருவுக்கு வந்தவரிடம் குடம் ரோஸ் நிறத்தில் மட்டுமே இருந்தது. தெருவே அதை வாங்கியது. எங்கள் குடத்துக்கு என் மனைவி கொடுத்தது எட்டுக் கிலோ பழைய இதழ்கள். அதே இதழ்தான். தொடர்கதையைக் கிழித்துக்கொண்டு மீதியைப் போட்டோம். அந்தக் குடத்துக்குச் செலவு யாருடையது என்று கேட்டிருந்தார்களே, அதற்கு நேர்மையான பதில், ஒரு வகையில் அவர்களுடையதுதான்.

இதை எல்லாம் நான்கு பக்கத்துக்கு எழுதி, பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். மரியாதை குறையாமல் எழுதினேன். தொடக்கத்தில், வழக்கப்படி ஒரு பத்தி: 48 ஆண்டுகளாகத் தங்கள் இதழ் எங்கள் வீட்டுப் பிள்ளை போல வளர்ந்தது, என் தாயாருக்கு நான் படித்துக் காட்டியது, மகளுக்குப் பெயர் வைத்தது. அதற்குப் பிறகுதான் குடம். கடைசியில் கேட்டது ஒன்றே ஒன்று. 'அந்தப் பெண்கள் கூலிக்கு வந்தவர்கள் அல்லர்' என்று ஏதாவது ஒரு மூலையில் ஒரு வரி போடுங்கள் என்றேன். ஒப்புகை அட்டை நான்காம் நாள் திரும்பி வந்தது.

மூன்றாம் வாரம் என் கடிதம் அச்சில் வந்தது. முதல் பத்தி மட்டும். வீட்டுப் பிள்ளை, தாயார், மகள் பெயர் எல்லாம் இருந்தன. குடம் இல்லை, மறியல் இல்லை, என் மனைவி இல்லை. கீழே என் பெயர், ஊர். வெட்டிய இடமே தெரியாமல் தைத்திருந்தார்கள், நல்ல தையல்காரர்கள். 1975 ஜூன் 28ஆம் தேதி தணிக்கையைக் கண்டித்து இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்க இடத்தை வெறுமையாக விட்டதைப் பார்த்தவன் நான். வெட்டினால் வெட்டிய இடமாவது தெரிய வேண்டும் என்று அன்றைக்கு ஒரு ரோஷம் இருந்தது. மோர்க்குழம்பு வைத்தவர்களுக்கும் இருந்தது. இப்போது என் வாயாலேயே அவர்களைப் புகழ வைத்துவிட்டார்கள்.

அதோடு விடவில்லை. அந்த வாரத்தின் சிறந்த கடிதம் என்று கட்டம் கட்டியிருந்தார்கள். பத்து நாளில் 100 ரூபாய் பரிசு மணியார்டராக வந்தது. 48 ஆண்டில் எனக்குக் கிடைத்த முதல் பரிசு. கொண்டுவந்த தபால்காரருக்கு என்னைத் தெரியும். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். 'பெற மறுத்தார்' என்று எழுதித் திருப்பி அனுப்பும்படி சொன்னேன். பணி நாட்களில் ஆயிரம் முறை பார்த்த வாசகம். முதல் முறையாக என் பெயருக்கு எதிரே. அவர் ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டார். அது தபால்காரர்களின் குணம்.

சட்டக் கல்லூரியில் படிக்கும் என் தங்கை பேத்தி, இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலுக்கு எழுதலாம் தாத்தா என்றாள். வார இதழ் என்றால் வெளிவந்த இரண்டு மாதத்துக்குள் புகார் போக வேண்டும், முதலில் ஆசிரியருக்கு எழுதியிருக்க வேண்டும், நீதிமன்றத்தில் வழக்கு எதுவும் இல்லை என்று உறுதிமொழி தர வேண்டும் என்று விதிகளை எடுத்துக் கொடுத்தாள். கவுன்சில் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் போட முடியாது. பாதி எழுதி வைத்தேன். மீதியை எழுதக் கை வரவில்லை. வீட்டுப் பிள்ளை மேல் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கப் போவது போல இருந்தது. இரண்டு மாதம் ஓடிவிட்டது. அது என் கோழைத்தனம் என்று அவள் சொல்கிறாள். மறுக்கவில்லை.

ஆனி மாதமே ஏஜென்ட்டிடம் நிறுத்தச் சொல்லப் போனேன். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது என் மனைவி, "அந்தத் தொடர் முடியட்டும், பிறகு நிறுத்துங்கள்" என்றாள். கூலிக்கு வந்தவள் என்று அச்சில் போட்ட இதழில், அதே இதழில், இரண்டு அண்ணன் தம்பிகள் ஒரு வீட்டுக்காக அடித்துக்கொள்ளும் கதை ஓடிக்கொண்டிருந்தது. வீடு யாருக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ளாமல் நிறுத்துவதில் அவளுக்கு உடன்பாடு இல்லை. உனக்கு மானம் ரோஷம் இல்லையா என்று கேட்டேன். "எழுதுகிறவர் வேறு, படம் போடுகிறவர் வேறு" என்றாள். யோசித்துப் பார்த்தால் என்னைவிட அவள் நியாயமாகத்தான் பேசினாள். பதினாறு வாரம் காத்திருந்தேன். அந்தப் பதினாறு வாரமும் இதழைப் பிரித்து, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து அவளிடம் கொடுத்துவிட்டு, மீதியைத் தொடாமல் வைத்தேன். வீடு தம்பிக்குப் போனது. தீபாவளி மலரோடு நிறுத்தினேன். ஏஜென்ட் என்னைப் பார்த்த பார்வை, யாரோ இறந்துவிட்டதைச் சொல்ல வந்தவனைப் பார்ப்பது போல இருந்தது.

இப்போது புதிய தொடர் ஒன்று தொடங்கியிருக்கிறதாம். என் மனைவி எதிர் வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வருகிறாள். வந்து, கேட்காமலேயே கதையைச் சொல்கிறாள். நானும் காது கேட்காதவன் போலக் கேட்டுக்கொள்கிறேன். இதழ் வரும் நாளில் மதியத் தூக்கம் கலைந்ததும் கை தானாகத் திண்ணைப் பக்கம் தேடுகிறது. அதை மறைக்க விரும்பவில்லை. நிறுத்தியதில் எனக்கு வெற்றி ஒன்றும் கிடைக்கவில்லை; அவர்களுக்கு ஒரு பிரதி குறைந்தது, எனக்கு வாரத்தில் ஒரு மதியம் குறைந்தது. ஆனால் உங்கள் கட்டுரையாளர் அடுத்த முறை காரணங்களை எழுதும்போது, செல்போனுக்கும் காகித விலைக்கும் பக்கத்தில் இதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளட்டும்.

கடிதம் நீண்டுவிட்டது. உங்களுக்கும் இடப் பற்றாக்குறை இருக்கும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஆர்.எம்.எஸ். கதையை வெட்டிக்கொள்ளுங்கள். 1987ஐ எடுத்துவிடலாம். கிணற்றில் விழுந்த நாயகியும் போகட்டும், என் மகளுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். குடத்தை மட்டும் வெட்டாதீர்கள். பழைய பேப்பருக்கு வாங்கியது என்பதையும் சேர்த்தே போடுங்கள். பரிசு எதுவும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்.எம்.எஸ். ஊழியர்
(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன், வெளியிட வேண்டாம்)